‘அம்புலிமாமா’ சக்கரபாணி: வாழ்வும் முடிவுறாத வேதாளமும்

தோற்றுவாய்

குழந்தைகளுக்காக உழைத்தவர்களை இலக்கிய வரலாறு ஓரிரு வரிகளில் கடந்து சென்றுவிடுவது வழக்கம். காப்பியம் பாடியவருக்கு ஓர் இயல், புதினம் எழுதியவருக்கு ஒரு பக்கம், சிறுவர்க்குக் கதை சொன்னவருக்கு ஓர் அடிக்குறிப்பு என்பதே நம் பகுப்புமுறையாக இருந்து வந்துள்ளது. ஆயினும் ஒரு தலைமுறையின் நாவிலும் நினைவிலும் தமிழ் உரைநடை படிந்தது எவ்வாறு என்று ஆராய்வோமாயின், அவ்வடிக்குறிப்புகளே முதன்மை பெறும். தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய நம் பள்ளத்தாக்கு ஊர்களில் அறுபது அகவை கடந்த பெரியவர்களிடம், பாடநூலுக்கு அப்பால் தாமே விரும்பிப் படித்த முதல் ஏடு எது எனக் கேட்டால், அவர்களுள் பலர் ‘அம்புலிமாமா’வையே சுட்டுவர். அவ்விதழைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர் சக்கரபாணி. அவருடைய வாழ்வையும், அவர் வளர்த்த இதழில் எல்லை கடந்து நீண்டுபோன ஒரு கதைத் தொடரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் கருத்து.

பிறப்பும் நோயும் கல்வியும்

ஆந்திர நாட்டில் குண்டூர் மாவட்டத்துத் தெனாலியை அடுத்த ஐதாநகரில் 1908ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள் சக்கரபாணி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆலூரி வெங்கட சுப்பாராவ். சக்கரபாணி என்பது அவருக்கு இந்தி கற்பித்த ஆசிரியர் சூட்டிய புனைபெயராகும். பிற்காலத்தில் இயற்பெயரை அறிந்தோர் அருகினர், புனைபெயரே நிலைத்துவிட்டது.

இளமையில் அவரைக் காசநோய் பற்றியது. இன்று மருந்துண்டு நலம்பெறும் அந்நோய், அன்று உயிரைக் குடிக்கும் கொடுநோயாகக் கருதப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் மதனப்பள்ளியில் இருந்த காசநோய் மருத்துவ நிலையத்தில் அவர் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தது. படுக்கையில் கிடக்கும் நாள்களை வீணே கழிக்க அவர் மனம் ஒப்பவில்லை. உடன் தங்கியிருந்த நோயாளர் ஒருவரிடம் வங்கமொழியைக் கற்றுக்கொண்டார். நோயாளியாகச் சென்றவர் மொழிபெயர்ப்பாளராகத் திரும்பினார் எனலாம். சரத்சந்திர சட்டோபாத்தியாயரின் புதினங்களை அவர் தெலுங்கில் பெயர்த்தார். ‘தேவதாஸ்’ முதலான அக்கதைகளைத் தெலுங்கு மக்கள் தம் வீட்டுக் கதைகளாகவே ஏற்றனர். மூலத்தின் உயிர் கெடாமல் எளிய பேச்சுநடைக்கு அருகிலான உரைநடையில் கதை சொல்லும் ஆற்றல் அவருக்கு அப்போதே கைவந்திருந்தது. இவ்வாற்றலே பின்னர் ‘அம்புலிமாமா’வின் நடைக்கு அடித்தளமாயிற்று.

1930களின் இடைப்பகுதியில் தெனாலியில் ‘யுவ’ என்னும் திங்களிதழை அவர் தொடங்கினார். அம்முயற்சியில் உடன் நின்றவர் கொடவடிகண்டி குடும்பராவ். தெலுங்கின் முதன்மையான புனைகதை ஆசிரியருள் ஒருவராக மலர்ந்த இவர், முற்போக்குச் சிந்தனையும் பகுத்தறிவு நோக்கும் உடையவர். பேய்க்கும் பூதத்திற்கும் சற்றும் இடங்கொடாத இவ்வறிஞரே பின்னாளில் வேதாளக் கதைகளை ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டுத் தர நேர்ந்தது காலத்தின் விளையாட்டுப் போலும்.

சென்னைக்கு வருதல்

திரைப்படம் சக்கரபாணியைச் சென்னைக்கு அழைத்து வந்தது. 1945இல் வெளிவந்த ‘சுவர்க்க சீமா’ என்னும் தெலுங்குப் படத்திற்கு அவர் உரையாடல் எழுதினார். அப்படத்தை இயக்கிய பி.என். ரெட்டியின் இளவல் பி. நாகிரெட்டி. அச்சுத்தொழிலில் தேர்ந்தவராகிய நாகிரெட்டியும் எழுத்தில் தேர்ந்தவராகிய சக்கரபாணியும் கொண்ட நட்பு, இரு பெயர்களையும் இணைத்தே உலகம் வழங்குமளவுக்கு ஓங்கியது. ஒருவர் எந்திரத்தை அறிந்தவர். மற்றவர் கதையை அறிந்தவர். இருவர் திறனும் ஒன்றுபட்டபோது தென்னகத்தின் பெரும் படப்பிடிப்பு நிலையங்களுள் ஒன்றாகிய விஜயா வாகினியும், பன்மொழிச் சிறுவர் இதழ் ஒன்றும் வளர்ந்தன.

‘பாதாள பைரவி’ 1951இலும், ‘மாயா பஜார்’ 1957இலும் இந்நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்தன. 1955இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வின் கதையமைப்பில் சக்கரபாணியின் கைவண்ணம் நன்கு புலனாகும். வங்க நாடகம் ஒன்றைத் தழுவிய அப்படத்தில், வேலை தேடும் இந்து இளைஞனும் கிறித்தவப் பெண்ணும் கணவன் மனைவியாக நடிக்க நேர்கின்றது. மதவேற்றுமையை வைத்து ஒருவர் மனமும் புண்படாமல் நகைச்சுவை படைக்க முடியும் என்பதை அவர் அப்படத்தில் மெய்ப்பித்தார். 1962இல் ‘மனிதன் மாறவில்லை’ என்ற தமிழ்ப் படத்தை அவரே இயக்கவும் செய்தார். திரைக்கதையை மூன்று மணி நேரத்திற்குள் முடித்துக்காட்ட வேண்டிய கட்டாயம் உண்டு. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்த கலைஞர் அவர் என்பதனை ஈண்டு மனங்கொள்ள வேண்டும்.

அம்புலிமாமாவின் தோற்றம்

நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு திங்கள் முன்னதாக, 1947 சூலையில், தெலுங்கில் ‘சந்தமாமா’வும் தமிழில் ‘அம்புலிமாமா’வும் வெளிவந்தன. 1949இல் கன்னடத்திலும் இந்தியிலும், 1955இல் ஆங்கிலத்திலும் என இதழ் மொழிதோறும் பரவியது. ஒரே கதையும் ஒரே ஓவியமும் பல மொழிகளில் ஒரே திங்களில் வெளிவந்தமையால், கம்பத்துச் சிறுவனும் கர்நாடகத்துச் சிறுமியும் தம்மை அறியாமலேயே ஒரே கதையைப் படித்தனர். இந்திய ஒருமைப்பாட்டை மேடையேறி முழங்காமல் இயல்பாக வளர்த்த ஏடு இது எனின் மிகையன்று.

1952 முதல் குடும்பராவ் ஆசிரியப் பணியின் பெருஞ்சுமையைத் தாங்கினார். அக்காலத்தை ஒட்டி ஓவியர் சங்கர் வந்து சேர்ந்தார். 1924இல் பிறந்து 2020இல் மறைந்த இத்தமிழ் ஓவியர் ஏறத்தாழ அறுபதாண்டுகள் அவ்விதழோடு வாழ்ந்தார். உருவிய வாளும் தோளில் பிணமுமாக மயானத்தில் நடக்கும் விக்கிரமனை அவர் வரைந்த ஓவியம், கதையைப் படியாதவரும் அறிந்த ஓவியமாகும். சித்ரா, எம்.டி.வி. ஆசார்யா, வட்டாதி பாப்பையா ஆகிய ஓவியர்களும் இதழுக்கு எழில் சேர்த்தனர். மாயமும் மந்திரமும் நிறைந்த நெடுந்தொடர்களைத் தாசரி சுப்பிரமணியம் எழுதினார். சென்னை வடபழனியில் அச்சாகி, மதுரைக்கும் போடிக்கும் இடையே ஓடிய இரயிலும் பேருந்தும் எட்டிய நம் ஊர்களிலும் அவ்விதழ் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது.

வேதாளமும் அதன் வினாக்களும்

இதழின் பெரும்புகழுக்கு உரியது விக்கிரமன் வேதாளம் கதைத் தொடர். இக்கதைகளுக்கு வடமொழியில் நெடிய மரபு உண்டு. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்தில் வாழ்ந்த சோமதேவரின் ‘கதாசரித்சாகரம்’ இவற்றைத் தன்னுள் அடக்கியுள்ளது. ‘வேதாள பஞ்சவிம்சதி’ என்ற பெயரே கதைகள் இருபத்தைந்து என எல்லை வகுத்துவிடுகின்றது.

அதன் அமைப்பு நுட்பமானது. மயானத்து மரத்தில் தொங்கும் உடலைத் துறவி ஒருவனுக்காக அரசன் சுமந்துவர வேண்டும். வழியில் பேசினால் வேதாளம் மரத்திற்குத் திரும்பிவிடும். உடலிற் புகுந்துள்ள வேதாளமோ கதை சொல்லி, இறுதியில் ஒரு வினாவைத் தொடுக்கின்றது. விடை தெரிந்தும் வாய்திறவாவிடில் தலை வெடிக்கும். விடை கூறினாலோ மௌனம் கலையும். அறிவே அரசனுக்குத் தடையாகும் இவ்விக்கட்டுதான் தொடரின் உயிர்நாடி.

வினாக்களும் எளியன அல்ல. சான்றுக்கு ஒன்று கூறுவோம். ஒரு பெண்ணை மணக்க விழைந்த மூவர், அவள் இறந்தபின் மூன்று வழிகளில் துயருறுகின்றனர். ஒருவன் அவள் சாம்பலின்மீதே படுத்துக் கிடக்கின்றான். ஒருவன் எலும்பைக் கங்கைக்குச் சுமந்து செல்கின்றான். மூன்றாமவன் நாடோடியாகத் திரிந்து உயிர்தரும் மந்திரத்தைக் கற்று வருகின்றான். உயிர்பெற்றெழுந்தவள் யாருக்கு உரியவள்? உயிர் தந்தவன் தந்தைக்கு ஒப்பானவன், எலும்பு சுமந்தவன் மகனுக்கு ஒப்பானவன், சாம்பலைப் பிரியாதவனே கணவன் என்பது அரசன் தீர்ப்பு. இவ்விடையை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் சிந்தியாமல் கடக்க இயலாது.

இறுதிக் கதையில் தந்தையும் மகனும் காலடித் தடங்களைக் கண்டு, பெரிய தடத்திற்கு உரியவளைத் தந்தையும் சிறிய தடத்திற்கு உரியவளை மகனும் மணப்பதென உறுதி செய்கின்றனர். சிறிய தடம் தாயினுடையதாகவும் பெரிய தடம் மகளினுடையதாகவும் அமைந்துவிடுகின்றது. உறுதிப்படியே மணம் நிகழ்கின்றது. பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? அரசனுக்கு விடை தெரியவில்லை. மௌனமாக நடக்கின்றான். அம்மௌனத்தால் மகிழ்ந்த வேதாளம் துறவியின் வஞ்சகத்தை உணர்த்தி அரசனைக் காக்கின்றது. எல்லாம் அறிந்த ஒருவன் தனக்குத் தெரியாத ஒன்றின்முன் வாய்மூடி நிற்கும்போதுதான் விடுதலை பெறுகின்றான் என்பது இக்கதைக்கோவையின் உட்பொருள். கற்றறிந்தோர் அனைவரும் கருத்தில் இருத்தத்தக்க பாடம் இது.

தொடர் நீண்ட வரலாறு

திங்களுக்கு ஒன்று எனக் கொண்டால் இருபத்தைந்து கதைகள் ஈராண்டும் ஒரு திங்களும் வரும். ‘அம்புலிமாமா’வில் இத்தொடரோ பல பத்தாண்டுகள் வந்தது. மூலத்தின் இருப்புத் தீர்ந்தபின், நாடோடிக் கதைகளும் வாசகர் அனுப்பிய கதைகளும் வேதாளக் கதைகளாக உருமாற்றம் பெற்றன. அவற்றைத் தக்கவாறு திருத்தி, ஈற்றில் ஒரு வினாவைப் பொருத்துவதில் குடும்பராவ் வல்லவராக விளங்கினார். அவருடைய கைபட்ட காலத்துக் கதைகளுள் மூலத்தோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கனவும் உண்டு என்பதை நடுவுநிலையோடு கூறவேண்டும்.

எனினும் கொடி நீள்வது வேறு, காய்ப்பது வேறு. நம் பள்ளத்தாக்கின் திராட்சை உழவர் இதனை நன்கறிவர். கவாத்துச் செய்யாத கொடி பந்தல் முழுவதும் படரும், குலைதான் இராது. பிற்காலத்து வேதாளக் கதைகளில் நேர்ந்ததும் இதுவே.

தளர்ச்சியின் கூறுகளை மூன்றாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, வினா கதையிலிருந்து முளைக்காமல் கதையின்மேல் ஒட்டவைக்கப்பட்டது. மூலத்தில் வினாவுக்காகவே கதை பிறந்தது. பின்னர்க் கதையைச் சொல்லி முடித்துவிட்டு வினாவைத் தேட வேண்டியதாயிற்று. இரண்டாவது, அரசன் நீதிபதி என்ற நிலையிலிருந்து உரையாசிரியன் என்ற நிலைக்கு இறங்கினான். இரண்டு நியாயங்களுக்கு இடையே தீர்ப்பளித்தவன், கதைமாந்தர் ஒருவர் ஏன் அவ்வாறு நடந்துகொண்டார் என விளக்குபவனாக மாறினான். மூன்றாவது, இடர் மறைந்தது. ஒவ்வொரு திங்களும் அரசன் விடை கூறுவான், வேதாளம் மரமேறும் என்பது உறுதியாகிவிட்டபின், மயானமும் வாளும் வெறும் சித்திரங்களாயின. நம் பள்ளி நாள்களில் அத்தொடரின் முதற்பத்தியையும் இறுதிப்பத்தியையும் தாண்டிவிட்டு நடுவிலுள்ள கதையை மட்டும் படிக்கும் பழக்கம் நம் தோழர் பலரிடமும் நம்மிடமும் இருந்தது. ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாரும் உளர். உயிர்நாடியாகிய பகுதியைச் சிறுவர்கள் தாண்டிச் செல்லும் நிலை ஒன்றே தொடரின் நலிவுக்குச் சான்றாகும்.

எல்லாவற்றினும் பெரிய இழப்பு, அந்த இறுதி மௌனம். தொடர் முடியலாகாது என்றால் அரசன் மௌனம் காக்கலாகாது. தோல்வியே அறியாத அரசன் விடுதலையும் அறியாதவனாகின்றான். முடிவை ஒத்திவைத்தவர்கள் கதையின் பொருளையே ஒத்திவைத்துவிட்டனர் என்று கருத இடமுண்டு.

பிறநாட்டு ஒப்புமைகள்

இந்நிலை ஓர் இதழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் பாம் 1900இல் ஓஸ் என்னும் மாயநாட்டைப் படைத்தார். 1910இல் வந்த ஆறாம் நூலில் அந்நாட்டிற்கும் வெளியுலகிற்கும் இருந்த தொடர்பைத் துண்டித்துத் தொடரை முடித்தும் வைத்தார். ஆனால் 1911இல் கடன்சுமையால் நொடிப்புநிலை எய்தினார். பிற படைப்புகள் அவரைக் காப்பாற்றவில்லை. 1913இல் மீண்டும் ஓஸ் நாட்டின் கதவைத் திறந்தார். 1919இல் அவர் மறைந்த பின்னும், பதிப்பகத்தார் வேறொருவரைக் கொண்டு 1921 முதல் 1939 வரை ஆண்டுக்கு ஒன்றாக எழுதுவித்தனர். கதை முடிந்தும் கணக்கு முடியாத நிலை அது.

அரபுலகின் ‘ஆயிரத்தோர் இரவுகள்’ இதற்கு மாறான ஒரு படிப்பினையைத் தருகின்றது. பிரெஞ்சு அறிஞர் கல்லான் 1704 முதல் பெயர்த்து வெளியிட்ட இந்நூலுக்கு மூலமாக இருந்த சிரியநாட்டுக் கையெழுத்துப்படியில் முந்நூறு இரவுகள்கூட நிறைவாக இல்லை. கதை தீர்ந்தபோது, 1709இல் அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் என்பவர் வாய்மொழியாகக் கூறிய கதைகளை அவர் சேர்த்துக்கொண்டார். அலாவுதீனும் அலிபாபாவும் அவ்வாறு வந்து புகுந்தவர்களே. 1956இல் தமிழ்த் திரையில் வண்ணத்தில் உலவிய அலிபாபா, நீட்டிப்பின் வழியாகப் பிறந்தவன் என்பது வியப்புக்குரியது. எனவே நீட்டித்தல் தன்னளவிலே குற்றமன்று. புதிய கதைசொல்லி ஒருவன் தன் உயிரோடு வந்து சேர்ந்தால் நீட்டிப்பும் பெருக்கமாகும். பக்கத்தை நிரப்புவதே நோக்கமானால் பெருக்கமும் நீட்டிப்பாகவே நின்றுவிடும்.

நம் இசுலாமியத் தமிழ் மரபிலும் வினாவையே உயிராகக் கொண்ட நூல்வகை உண்டு. வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா’ 1572ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நபிகள் நாயகத்தை நோக்கி அப்துல்லாஹ் இப்னு சலாம் விடுக்கும் வினாக்களால் அமைந்த அந்நூல், வினவியவர் உள்ளம் தெளிந்து இசுலாத்தை ஏற்பதோடு நிறைவெய்துகின்றது. ஆயிரம் என்ற பெயர்கொண்ட நூலுக்கும் ஒரு கரை உண்டு. வினாவின் பயன் தெளிவு. தெளிவு பிறந்தபின் வினா நிற்க வேண்டும்.

இறுதிக்காலமும் பின்னிகழ்வுகளும்

சக்கரபாணி 1975 செப்டம்பர் 24ஆம் நாள் காலமானார். அவருக்குப்பின் நாகிரெட்டியின் மைந்தர் விசுவநாத ரெட்டி ஆசிரியப் பொறுப்பேற்றார். 1978இல் ஓவியர் சித்ராவும், 1980இல் குடும்பராவும் மறைந்தனர். தோற்றுவித்த கைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன; தொடர் மட்டும் ஓயவில்லை. 1985இல் தொலைக்காட்சியில் தொடங்கிய இந்தி வேதாளத் தொடர் மறு ஆண்டே நிறைவெய்தியது. அச்சில் வந்ததோ அதன் பின்னும் நடந்துகொண்டேயிருந்தது.

1998இல் தொழில் தகராறு காரணமாக இதழ் நின்று, 1999இல் மீண்டது. 2007இல் மும்பை நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. பின்னர், 2012, 2013ஆம் ஆண்டளவில் அடியோடு நின்றுபோயிற்று. நாகிரெட்டி 2004இல் மறைந்துவிட்டமையால் அம்முடிவைக் காணவில்லை. கதைக்குள் அமைய வேண்டிய முடிவு, கடன்பட்ட நிறுவனத்தின் வாயிலாக வெளியிலிருந்து வந்தது.

மதிப்பீடு

சக்கரபாணியை இதன்பொருட்டுக் குறைகூறுவது நேர்மையாகாது. மறுதரப்பு நியாயமும் வலியது. சிறுவர் இதழின் வாசகர் ஆண்டுதோறும் மாறுகின்றனர். எட்டு அகவையில் முதன்முதலாக வேதாளத்தைச் சந்திக்கும் சிறுவனுக்கு அது நானூறாவது கதை என்பது தெரியாது. அவனுக்கு அதுவே முதற்கதை. மேலும், பல மொழிகளில் அச்சாகும் ஓர் இதழை நம்பி அச்சுக்கோப்போரும் ஓவியரும் முகவரும் வாழ்ந்தனர். அனைவரும் விரும்பும் தொடரை நிறுத்துவது அவர்கள் அடுப்பில் நீரூற்றுவது போன்றதாகும். இதழின் வீழ்ச்சிக்குத் தொலைக்காட்சியும், மாறிவந்த பயிற்றுமொழியும், படக்கதை ஏடுகளும் காரணங்களே. ஒரு தொடரின் மேல் பழி முழுவதையும் சுமத்தலாகாது.

ஆயினும் முதன்முதலாக வரும் சிறுவனுக்கும் சிறந்த வினாவைப் பெறும் உரிமை உண்டன்றோ? அவன் புதியவன் என்பதனால் பழைய சரக்கு போதும் எனக் கருதுவது அவனைக் குறைத்து மதிப்பதாகும். மூலத்தின் இருபத்தைந்தையும் நிறைவாகச் சொல்லி, மௌனத்தோடு முடித்து, சில ஆண்டுகள் கழித்துப் புதிய தலைமுறைக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கலாம். தொடரும் காக்கப்பட்டிருக்கும், முடிவும் காக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தலைமுறையும் அந்த மௌனத்தைக் கேட்டிருக்கும்.

நிறைவுரை

நோய்ப்படுக்கையில் மொழி கற்றவர்; அண்டை மாநிலத்தில் பிறந்து தமிழ்ச் சிறார்க்கு வாசிப்பின் வாயிலைத் திறந்தவர்; மதவேற்றுமையைப் புன்னகையாக மாற்றியவர் என்ற வகையில் சக்கரபாணி நம் நன்றிக்குரியவர். அவர் வாழ்வு மாணவர்க்கு உழைப்பைக் கற்பிக்கின்றது. அவர் வளர்த்த தொடரோ எழுதுவோர்க்கும் ஆசிரியர்க்கும் அளவறிதலைக் கற்பிக்கின்றது. வகுப்பறையில் மணியடித்த பின்னும் பேசிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள் இப்பாடத்தை முதலில் கற்றல் தகும்.

இதழ் நின்றுவிட்ட இந்நாளில், அம்மூலக் கதைகள் இருபத்தைந்தையும் வீட்டிலுள்ள சிறாருக்கு வாய்மொழியாகச் சொல்லும் கடமை நம்முடையதாகின்றது. இரவுக்கு ஒன்றாகச் சொன்னால் ஒரு திங்களுக்குள் முடிந்துவிடும். இருபத்தைந்தாம் இரவில் அரசன் விடையின்றி நடக்கும்போது, நாமும் சற்றே வாய்மூடி, அவர்கள் என்ன கேட்கின்றார்கள் என்று காத்திருப்போமாக.